புற்றுக்கட்டியை அழிக்கும் ஒளி: வெற்றியைத் தீர்மானிக்கும் ரத்தக் குழாய்களும் நோயெதிர்ப்பு செல்களும்

இந்தியாவில் ஓராண்டில் 1.4 லட்சத்துக்கும் அதிகமானோர் உதடு மற்றும் வாய்ப் புற்றுநோய்க்குப் புதிதாக ஆளாவதாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2022ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டில் தெரிவித்தது. அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் உயிரைக் காத்தாலும், பேச்சையும் உணவு விழுங்குவதையும் பாதிக்கக்கூடும். இதனால், ஒளியால் மருந்தைத் தூண்டிக் கட்டியை அழிக்கும் ஃபோட்டோடைனமிக் சிகிச்சை மீது எதிர்பார்ப்பு எழுந்துள்ளது. அமெரிக்க ஆய்வாளர்களும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக மருத்துவர்களும் இணைந்து, பேட்டரியில் இயங்கும் குறைந்த விலை எல்இடி கருவியைக் கொண்டு, ஆரம்பநிலை வாய்ப் புற்றுநோயாளிகள் ஏறக்குறைய 30 பேருக்கு இச்சிகிச்சையை அளித்தனர். பெரும்பாலானோருக்குக் கட்டி முழுமையாக மறைந்தது.

இச்சிகிச்சைக்கு ஒளியுணர் மருந்து, குறிப்பிட்ட அலைநீள ஒளி, திசுவில் உள்ள ஆக்சிஜன் ஆகிய மூன்றும் தேவை. ஒளி பட்டதும் மருந்து, ஆக்சிஜனை வீரியமிக்க வடிவமாக மாற்றுகிறது. அது ஒரு செல்லின் அகலத்தைக்கூடக் கடக்கும் முன்பே செயலிழந்துவிடும். எனவே, மருந்து தங்கியிருக்கும் இடமே பாதிக்கப்படும் இடமாகிறது.

மருந்து செலுத்திய சில நிமிடங்களில் ஒளியைப் பாய்ச்சினால், அது ரத்தக் குழாய்க்குள்ளேயே இருக்கும். அப்போது குழாயின் உட்சுவர் செல்கள் சுருங்கி, இடைவெளிகள் உருவாகின்றன. அங்கே தட்டணுக்கள் ஒட்டி ரத்தம் உறைகிறது. உணவும் ஆக்சிஜனும் கிடைக்காமல் கட்டி மடிகிறது. மாறாக, பல மணி நேரம் காத்திருந்தால் மருந்து புற்றுசெல்களுக்குள் சேர்ந்து அவற்றை நேரடியாகத் தாக்குகிறது.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. ரத்த ஓட்டம் சிகிச்சையின் நடுவிலேயே நின்றுவிட்டால், அதற்குத் தேவையான ஆக்சிஜனும் நின்றுவிடும். ஆக்சிஜன் குறைந்த திசு, புதிய ரத்தக் குழாய்களை வளர்க்கும் புரதத்தையும் அதிகமாகச் சுரக்கும். முதுமையில் விழித்திரையின் மையப் பகுதி சிதைவதைத் தடுக்க, 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற வெர்ட்டிபோர்ஃபின் சிகிச்சையில் இச்சிக்கல் வெளிப்பட்டது. பின்னர் அப்புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் முதன்மை சிகிச்சையாயின. எனினும், ஆசியர்களிடம் அதிகம் காணப்படும் ஒருவகை விழித்திரை ரத்தக் குழாய் நோய்க்கு இரண்டையும் சேர்த்து அளிக்கும் முறை இன்றும் தொடர்கிறது.

நோயெதிர்ப்பு செல்களின் பங்கும் இதற்கு இணையானது. ஒளியால் சிதையும் புற்றுசெல்கள் அபாய சமிக்ஞைகளை வெளியிடுகின்றன. நியூட்ரோஃபில் செல்கள் அங்கு விரைகின்றன; டென்ட்ரிட்டிக் செல்கள் கட்டியின் அடையாளத்தை டி செல்களுக்கு அறிமுகப்படுத்துகின்றன. நோயெதிர்ப்பு ஆற்றலற்ற எலிகளில் நடந்த சோதனையில், கட்டிகள் முதலில் சுருங்கினாலும் மீண்டும் வளர்ந்தன. எலும்பு மஜ்ஜை மாற்றி வைத்தபோது பலன் திரும்பியது. ஒளி தொடங்கிய பணியை நோயெதிர்ப்பு மண்டலமே முடித்து வைக்கிறது என்பதற்கு இது வலுவான சான்று.

ஆனால், ஒளி எப்போதும் நோயெதிர்ப்பைத் தூண்டும் என்று கருத முடியாது. ரத்தத்தின் வெள்ளணுக்களை உடலுக்கு வெளியே மருந்துடன் புற ஊதா ஒளிக்கு உட்படுத்தி மீண்டும் செலுத்தும் முறைக்கு, தோலைத் தாக்கும் ஒருவகை டி செல் புற்றுநோய்க்காக 1988இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அதே முறை, எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்குப் பின் தானமாகப் பெற்ற செல்கள் நோயாளியின் உடலைத் தாக்கும்போது, அந்த எதிர்வினையைத் தணிக்கவும் உதவுகிறது. தோலில் பரந்த அளவில் அளிக்கப்படும் ஃபோட்டோடைனமிக் சிகிச்சையும் உள்ளூர் நோயெதிர்ப்பைத் தற்காலிகமாகக் குறைக்கக்கூடும்.

ஆக, மருந்துக்கும் ஒளிக்கும் இடைப்பட்ட நேரம், ஒளியின் அளவு, அது பாயும் வேகம் ஆகியவையே இச்சிகிச்சையின் பலனை முடிவு செய்கின்றன. மலிவான விளக்கு கிடைத்துவிட்டதால் மட்டும் சிகிச்சை எளிதாகிவிடாது. இந்தியாவில் இதை விரிவாக்கும்போது, கட்டி சுருங்கியதா என்பதுடன், ரத்த ஓட்டம், திசு ஆக்சிஜன், டி செல்களின் எதிர்வினை ஆகியவற்றையும் அளந்து, நோய் திரும்புகிறதா என நீண்டகாலம் கண்காணிப்பது அவசியம். ஒளி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஊடுருவாது என்பதால், நோயை ஆரம்ப நிலையிலேயே கண்டறிவதும் இச்சிகிச்சையின் வெற்றிக்கு இன்றியமையாதது.