கம்பு தெரிந்தவன் கையில் கேமரா

(இரண்டாமாண்டு இயற்பியல் மாணவர் ஒருவர்)

சிலம்பப் போட்டியை நன்றாகப் படம்பிடிக்க விலையுயர்ந்த கேமரா வேண்டும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். நான் அதை ஏற்கவில்லை. முதலில் வேண்டியது சிலம்பம், அடுத்ததுதான் கேமரா. இக்கருத்தை நண்பர்கள் முன்னும் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

நான் திருவண்ணாமலை அடிவாரத்தைச் சேர்ந்தவன். கார்த்திகைத் தீபம் ஏற்றும் திருவண்ணாமலை அன்று. திருவில்லிபுத்தூருக்கு அருகே, புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மக்கள் வெள்ளம் திரளும் சீனிவாசப் பெருமாள் மலை. தந்தையார் இராசபாளையத்தில் நூற்பாலைத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்தவன் நானே முதல். எங்கள் ஊரில் கம்பு பழகும் பிள்ளைகளை ஈராண்டாகப் படமெடுத்துப் பழகி வருகிறேன். கேமரா, கல்யாண வீடுகளில் படமெடுக்கும் அண்ணன் ஒருவருடையது. முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் அது என் கைக்கு வரும்.

சற்றே கணக்குப் பார்ப்போம். ஐந்தடிக் கம்பை நடுவில் பிடித்து நொடிக்கு 3 சுற்று சுற்றுவதாகக் கொள்வோம். கம்பின் முனை நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் ஓடும். கேமராவின் கதவு நொடியில் 60-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் முனை 23 சென்டிமீட்டர் கடந்துவிடும். படத்தில் கம்பு இராது. புகை போன்ற கோடு இருக்கும். 1000-இல் ஒரு பங்கு என்றால் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவே நகரும். கம்பு தெளிவாக விழும். அப்படியானால் வேகமான கேமராவே போதுமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல்!

கண் கண்டதும் விரல் அழுத்த, நமக்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது பிடிக்கிறது. அதற்குள் கம்பு பாதிச் சுற்றுக்கு மேல் போய்விடும். ஆகவே, அடியைக் கண்ட பின் அழுத்தியவன் அடியைத் தவறவிட்டவனே. விழப்போகும் அடியை முன்கூட்டி அறிந்தவனுக்கே படம் கிடைக்கும். அந்த அறிவைக் கடையில் விற்கிறார்களா? காலடி வரிசை பழகியவன் கையைப் பார்ப்பதில்லை. எதிராளியின் முன்காலையும் தோளையும் பார்க்கிறான். எடை எந்தக் காலுக்கு மாறுகிறதோ, வீச்சு எங்கிருந்து வரும் என்பதை அது சொல்லிவிடும். படம் எடுப்பவனும் அதையே பார்க்க வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஊசல் குண்டு ஒரு கோடி சென்று திரும்பும் கணத்தில் அதன் வேகம் சுழி என்று ஆய்வகத்தில் படிக்கிறோம். வீச்சைத் தடுப்புச் சந்திக்கும் கணத்திலும் கம்பு அப்படியே ஒரு நொடித்துளி நின்று திரும்புகிறது. அக்கணத்தை அறிந்தவனுக்குப் பழைய கேமராவே போதும். அதுவே ஆட்டத்தின் உச்சமும் ஆகும். இருவர் முகத்திலும் உண்மை தெரியும் நேரம் அது.

நிற்கும் இடமும் முக்கியம். 1965 மே 25 அன்று முகமது அலி, சானி லிஸ்டனை முதல் சுற்றிலேயே வீழ்த்தினார். விழுந்தவருக்கு மேலே நின்று அலி முழங்கும் புகழ்பெற்ற படத்தை எடுத்த நீல் லைஃபருக்கு அப்போது வயது 22. எதிர்ப்பக்கம் இருந்த இன்னொரு படக்காரர், அலியின் கால்களுக்கிடையே அப்படத்திலேயே தெரிகிறார்! அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகுதான். சிலம்பத்தில் வீரர்கள் வட்டமிட்டுக்கொண்டே இருப்பர். இரு முகமும் இரு கம்பும் தெரியும் பக்கவாட்டில், கம்பு எட்டாத தூரத்தில், நாமும் அவர்களோடு நகர வேண்டும்.

வெளிச்சம் எங்கள் பகுதிக்கே உரிய தொல்லை. மேற்கே மலைத்தொடர் நிற்பதால் மாலைச் சூரியன் சீக்கிரமே மறைந்துவிடும். கதவு வேகம் கூடக் கூட உள்ளே வரும் ஒளி குறையும். ஃபிளாஷ் போடலாமே என்றால், கூடவே கூடாது என்பேன். கண் கூசிய ஒரு கணத்தில் எதிராளியின் கம்பு நெற்றியில் இறங்கிவிடும். ஒரு படத்துக்காக ஒருவர் கண்ணைப் பணயம் வைப்பது எவ்வகை நியாயம்? ஆகவே காலை வெயிலில் பயிற்சி நடக்கும் நாட்களையே நான் தேர்ந்துகொள்கிறேன்.

“கைப்பேசியில் காணொளி எடுத்தால் போதாதா?” என நண்பர்கள் கேட்கின்றனர். நொடிக்கு 30 படம் எடுக்கும் காணொளியில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே கம்பு முனை அரை மீட்டர் அளவுக்குப் போய்விடுகிறது. தொட்ட கணம் அந்த இடைவெளியில் மறைந்துபோகலாம். மேலும், பெரும்பாலான கைப்பேசிகள் காட்சியை ஒரே கணத்தில் பதியாமல் வரிவரியாகப் பதிகின்றன; அதனால் நேரான கம்பு வில்லாய் வளைந்து தெரிகிறது. காணொளி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது ஆட்டத்தின் ஓட்டத்தைக் காட்டும். அடியின் இலக்கணத்தைக் காட்டுவது நல்லதொரு நிழற்படம்.

அது ஏன் வேண்டும்? என் பாட்டனார் கம்பில் பெயர் பெற்றவர். இன்று அவர் இல்லை. கம்போடு அவர் நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. அவர் கால் எப்படி வைத்தார், பிடி எங்கே இருந்தது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எழுதி வைக்காத கலை, ஆசானோடு போய்விடுகிறது. 2024 சனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. நாடே பார்க்கத் தொடங்கிய கலையை நாம் எவ்வாறு பதிந்து வைத்திருக்கிறோம்?

கல்லூரி மலர்களின் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டுங்கள். கோப்பையை நடுவில் வைத்து வரிசையாக நிற்கும் படங்களே மிகுதி. வெற்றி தெரிகிறது, ஆட்டம் தெரியவில்லை. தறிக்கும் ஆலைக்கும் போகும் பெற்றோரின் பிள்ளைகள், விடியலில் எழுந்து பழகிய வித்தை அந்த வரிசையில் எங்கே இருக்கிறது?

ஆதலின் என் வேண்டுகோள் இரண்டு. கேமரா வைத்திருக்கும் நண்பர்களே, ஒரு திங்களேனும் ஆசானிடம் சென்று காலடி பழகுங்கள். மலர்க்குழுவினரே, அடுத்த மலரில் கோப்பைப் படத்துக்குப் பக்கத்திலேனும் ஓர் ஆட்டப் படத்துக்கு இடம் கொடுங்கள். அதில் கம்பின் நுனி சற்றுக் கலங்கியிருந்தாலும் குற்றமில்லை. ஆடியவர் கால் நின்ற இடம் தெளிவாகத் தெரிந்தால், பின்னால் பழக வரும் பிள்ளைக்கு அதுவே பாடம்.