ரிவர்ஸ் சென்சார் வாங்கப் போறீங்களா? பம்பரில் ஓட்டை போடும் முன் இதைப் படிங்க!

2019 ஜூலை 1 முதல் தயாராகும் புது கார்களில் பின்பக்க பார்க்கிங் சென்சார் கட்டாயம். அதற்கு முந்தைய கார் என்றால், பெரும்பாலும் நாம்தான் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். கடைக்குப் போகும்முன் கவனிக்க வேண்டியவை இவை.

எத்தனை சென்சார்?
இரண்டு சென்சார் கிட் விலை குறைவு. ஆனால், பம்பரில் கவனிக்கப்படாத இடைவெளி விழும். நான்கு உள்ள கிட்டே நல்லது.

எந்த வகை?
பரவலாகக் கிடைப்பது அல்ட்ராசோனிக். ஒலி அலையை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து தூரத்தைக் கணக்கிடும். இதற்கு பம்பரில் ஓட்டை போட வேண்டும். எலெக்ட்ரோமேக்னெட்டிக் வகைக்கு ஓட்டை தேவையில்லை. பம்பரின் உள்பக்கம் பட்டையாக ஒட்டுவார்கள். ஆனால், கார் நகரும்போதுதான் எச்சரிக்கும். இரும்பு பம்பருக்கு ஒத்துவராது.

எங்கே பொருத்துவது?
தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில். ரொம்பக் கீழே வைத்தால் தரையையே தடையாக நினைத்து கத்தும். ரொம்ப மேலே வைத்தால் தாழ்வான கல், படிக்கட்டு தெரியாது. கார் வாரன்டியில் இருந்தால், வயரை வெட்டும்முன் ஷோரூமில் கேட்டுவிடுங்கள்.

இதை மறக்காதீங்க!
மெல்லிய கம்பியும், பம்பருக்குக் கீழே குனிந்து பந்து எடுக்கும் குழந்தையும் சென்சாருக்குத் தெரியாமல் போகலாம். சேறு படிந்தாலும் அது சரியாக வேலை செய்யாது, அடிக்கடி துடையுங்கள். வாசலில் பிள்ளைகள் விளையாடும் வீடா? கேமராவும் சேர்ந்த கிட் வாங்குங்கள். அப்போதும், வண்டியில் ஏறும்முன் ஒருமுறை பின்னால் போய்ப் பார்த்துவிடுங்கள். பீப் சத்தம் வரவில்லை என்பதற்காக, பின்னால் யாரும் இல்லை என்று அர்த்தமில்லை.