மெஷின் நம்முடையது, சாவி யாரிடம்?

லேசர் கட்டிங் மெஷினின் தலைப்பகுதியில், ஒளி வெளிவரும் நாசிலுக்குச் சற்று மேலே, உள்ளங்கையில் அடங்கும் ஒரு வட்டக் கண்ணாடி இருக்கிறது. பட்டறையில் அதைக் கவர் கிளாஸ் என்பார்கள். பல மாடல்களில் அதன் விட்டம் 37 மில்லிமீட்டர். விலை சில நூறு ரூபாயிலிருந்து தொடங்கும். தகட்டை வெட்டும்போது தெறிக்கும் உலோகத் துளியும் புகையும் மேலே உள்ள லென்ஸைத் தொடாமல் காப்பதுதான் அதன் வேலை.

அதன்மேல் ஒரு தூசி உட்கார்ந்தால் போதும். தூசி ஒளியை விழுங்கிச் சூடாகிறது. சூட்டில் கண்ணாடியின் தன்மை மாறி, ஒளி குவியும் புள்ளி மேலும் கீழும் நகர்கிறது. வெட்டிய பீஸின் அடியில் பிசிறு தட்டுகிறது. ஆபரேட்டர் என்ன செய்வார்? பவரைக் கொஞ்சம் கூட்டுவார், வேகத்தைக் கொஞ்சம் குறைப்பார். அன்றைய டெலிவரி தப்பிக்கும். கூட்டிய பவரால் கண்ணாடி இன்னும் சூடேறி ஒருநாள் வெடிக்கும். புகை உள்ளே போய் லென்ஸைப் பிடிக்கும். சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது லட்சக் கணக்குக்குப் போய் நிற்கும்.

கோவை கணபதி, குறிச்சி, சென்னை அம்பத்தூர், ஓசூர், திருச்சி துவாக்குடி என்று பேப்ரிகேஷன் பட்டறைகள் உள்ள இடமெல்லாம் ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு லேசர் யூனிட்கள் வந்துவிட்டன. பெரும்பாலும் வங்கிக் கடனில் வந்தவை. மெஷின் நின்றாலும் தவணை நிற்காது. பழுது என்று பேச்செடுத்தால் இரண்டு புகார்கள் எழும். ‘இவர்களுக்கு மெஷினை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை’ என்பார் விற்றவர். ‘எங்களை எதையும் திறக்க விடுவதில்லை’ என்பார் வாங்கியவர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால், முதல் புகாரைக் காட்டியே இரண்டாவதை நியாயப்படுத்துவதை ஏற்க முடியாது.

முதல் புகாரில் உள்ள உண்மையை ஒளிக்க வேண்டியதில்லை. லேசர் மெஷினின் பழுதுகளில் பெரும்பகுதி லேசருக்குள் பிறப்பதே இல்லை; தண்ணீரில், காற்றில், கரண்ட்டில் பிறக்கிறது. மெஷினைக் குளிர்விக்கும் சில்லரில் ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் அல்லது டிஅயனைஸ்டு வாட்டர். அவசரத்துக்குப் போர் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் உண்டு. கோவையின் சிறுவாணித் தண்ணீர் குடிப்பதற்கு அமிர்தம்தான்; அதற்காகச் சில்லருக்கும் அது ஆகும் என்பதில்லை. உப்பும் பாசியும் குழாயின் உள்சுவரில் படிந்தால் வெப்பம் வெளியேறாது. சில்லர் ஓடிக்கொண்டே இருக்கும். லேசர் ஒளியை உண்டாக்கும் சோர்ஸ் சூடாகிக்கொண்டே இருக்கும்.

இதைவிட நயவஞ்சகமானது ஈரம். மழைக்காலச் சென்னையில் வெப்பம் 32 டிகிரி, ஈரப்பதம் 70 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் அதன்மேல் நீராகப் படியும். சில்லரை 22 டிகிரியில் வைத்திருந்தால் சோர்ஸுக்குள் உள்ள குழாயும் தகடும் வியர்க்கும். அந்த ஒரு துளி டயோடில் இறங்கினால் அதோடு அது தீர்ந்தது. கேபினட்டுக்கு ஏ.சி. வைத்திருப்பது ஓனர் வசதிக்காக அல்ல, இதற்காகத்தான். மின்சாரம் போய்த் திரும்பியதும் முதலில் ஏ.சி.யை ஓடவிட்டு, உள்ளே காற்று உலர்ந்த பிறகுதான் தண்ணீரைத் திறக்க வேண்டும். அந்த அரை மணி நேரக் காத்திருப்பை எந்த சூப்பர்வைசரும் விரும்புவதில்லை. பார்ட்டியின் வண்டி வாசலில் நிற்கிறது.

காற்றின் கதையும் இப்படித்தான். நைட்ரஜன் சிலிண்டர் செலவு கட்டுப்படியாகாமல் பலர் கம்ப்ரசர் காற்றில் வெட்டுகிறார்கள். தவறில்லை. டிரையரும் ஃபில்டரும் சரியாக இல்லாவிட்டால் காற்றோடு வரும் எண்ணெய்ப் பூச்சு நேராகக் கவர் கிளாஸில் படியும். எர்த்திங் இன்னொன்று. நாசிலுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள இடைவெளியை மெஷின் மின்தேக்கத் திறனை வைத்து அளக்கிறது. எர்த் சரியில்லை என்றால் அந்த அளவு துள்ளும். தலை தகட்டில் இடிக்கும். செராமிக் ரிங் உடையும். ‘சென்சார் போச்சு’ என்று மூன்று சென்சார் மாற்றிய பிறகு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிற பட்டறைகளும் இருக்கின்றன.

ஆக, ஓனர் பக்கமும் வேலை இருக்கிறது. ஆனால் இந்த அலட்சியத்துக்கும் விற்றவர் போடும் பூட்டுக்கும் என்ன தொடர்பு?

இன்றைய நிலை எப்படி வந்தது என்று பார்த்தால் அது புரியும். தகடு வெட்டும் தொழிலை நீண்டகாலம் ஆண்டது கார்பன் டை ஆக்ஸைடு லேசர். 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அதை உருவாக்கிய குமார் படேல், பாராமதியில் பிறந்து புனே பொறியியல் கல்லூரியில் படித்தவர். அந்த மெஷினில் வாயுக் கலவை உண்டு, ஒளியைத் திருப்பும் கண்ணாடிகள் உண்டு, அவற்றை ஓயாமல் சரிபார்க்கும் வேலை உண்டு. தொல்லை பிடித்ததுதான். ஆனால் அந்தத் தொல்லையிலேயே ஒரு மெக்கானிக் உருவானார். எந்தக் கண்ணாடி சாய்ந்தால் எந்த மூலையில் வெட்டு கெடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஃபைபர் லேசர் வந்ததும் கண்ணாடிகள் போயின. ஒளி கேபிள் வழியாக வருகிறது. கொடுக்கும் மின்சாரத்தில் பழைய மெஷின் பத்தில் ஒரு பங்கை ஒளியாக்கிய இடத்தில் இப்போது மூன்றில் ஒரு பங்கு ஒளியாகிறது. தினசரி நச்சரிப்பு குறைந்துவிட்டது. கூடவே நடந்த இன்னொன்றை யாரும் கணக்கில் எடுக்கவில்லை: சின்னப் பழுதுகள் மறைந்தன, மிஞ்சியதெல்லாம் பெரிய பழுது. சோர்ஸ் என்பது சீல் வைத்த பெட்டி. அதைத் திறந்தால் வாரண்டி போகும். உள்ளே ஒரு மாட்யூல் செத்தால் பெட்டியோடு சர்வீஸ் சென்டருக்கு அனுப்ப வேண்டும். 2020க்குப் பிறகு சீனத் தொழில்நுட்பர்களுக்கு விசா இறுகியபோது, அங்கிருந்து ஆள் வந்தால்தான் தீரும் என்ற நிலையில் இருந்த மெஷின்கள் என்ன ஆயின என்பதைத் தொழில்துறையினர் மறந்திருக்க மாட்டார்கள்.

சோர்ஸைச் சீல் வைப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. மெஷின் திரையின் அளவீட்டுப் பக்கத்துக்கும் அலாரம் விவரங்களுக்கும் கடவுச்சொல் போடுவதற்கு என்ன காரணம்? சில விற்பனையாளர்கள் கன்ட்ரோலரில் தேதிப் பூட்டு வைக்கிறார்கள். குறித்த நாள் வந்தால் மெஷின் நின்றுவிடும். புது எண் வாங்கிப் போட்டால்தான் ஓடும். பாக்கி வைத்துவிட்டு ஓடுகிறவர்களிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ள என்கிறார்கள். தவணை பாக்கி இருக்கும்வரை அந்த வாதத்தில் ஒரு நியாயம் உண்டு. முழுப் பணமும் கட்டி முடித்த பிறகும் சாவி விற்றவர் கையிலேயே இருந்தால், அதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல.

இதற்கு எங்கே போய் முறையிடுவது? நுகர்வோர் ஆணையத்துக்கு என்றால், அந்தக் கதவு ஏறக்குறைய மூடியிருக்கிறது. கோவைத் தொழில்துறைக்கு நேரடித் தொடர்புள்ள வழக்கே அதற்குச் சான்று. மகாராஷ்டிரத்தின் லக்ஷ்மி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ், கோவையின் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் சி.என்.சி. இயந்திரம் ஒன்று வாங்கியது. தாமதம், குறைபாடு என்று வழக்குப் போட்டது. 1995இல் உச்ச நீதிமன்றம், வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்று தீர்ப்பளித்தது. தன் உழைப்பால் பிழைக்க ஒருவர் வாங்கும் கருவிக்கு விலக்கு உண்டு என்பதையும் அதே தீர்ப்பு விளக்கியது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இதே நிலையைத்தான் தொடர்கிறது. பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் பட்டறைக்கு மிஞ்சுவது சிவில் நீதிமன்றம். அங்கே வழக்கு முடிவதற்குள் மெஷினின் ஆயுள் முடிந்துவிடும்.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காகக் குழு அமைத்தபோது நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது: விவசாயக் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள். பட்டறை இயந்திரம் பட்டியலில் இல்லை. ‘அது வணிகம் அல்லவா’ என்று யாராவது கேட்கலாம். விவசாயியின் டிராக்டரும் வருமானத்துக்கான கருவிதானே? அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023இல் விவசாய இயந்திரங்களுக்குச் சட்டம் இயற்றி, கையேடு, உதிரிபாகம், கண்டறியும் மென்பொருள் மூன்றையும் உரிமையாளருக்குத் தர வேண்டும் என்றது. தொழிலுக்குப் பயன்படும் கருவி என்பது அங்கே தடையாக இருக்கவில்லை.

எல்லாவற்றையும் எல்லோரும் திறக்கலாம் என்பதல்ல என் வாதம். ஃபைபர் லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாது. அதன் அலைநீளம் ஒரு மைக்ரானை ஒட்டியது. விழியைக் கடந்து நேரே விழித்திரையைச் சுடும். பழைய கார்பன் டை ஆக்ஸைடு மெஷினுக்குப் போதுமாக இருந்த சாதா அக்ரிலிக் தடுப்பு இதைத் தடுக்காது. கதவு சென்சாரை ஒயர் போட்டு ஷார்ட் செய்துவிட்டு வெட்டிப் பார்ப்பதைத் திறமை என்று மெச்சிக்கொள்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது; அது குருட்டுத்தனத்தில் முடியும், சொல்லின் இரு பொருளிலும். அலுமினியத் தூசியும் இரும்புத் தூசியும் ஒரே டஸ்ட் கலெக்டரில் சேர்ந்தால் தீ பிடிக்கும் அபாயம் உண்டு. ஆகவே சோர்ஸின் உள்பாகம் பயிற்சி பெற்றவர் கைக்கு உரியது என்பதில் எனக்குத் தகராறு இல்லை. கேள்வி, அந்தப் பயிற்சி பெற்றவர் ஏன் விற்றவரின் ஆளாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதுதான்.

தமிழ்நாடு அரசு, டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாயில் நவீன மையங்களாக மாற்றியது. ரோபோட்டிக்ஸ் இருக்கிறது, உயர்நிலை சி.என்.சி. இருக்கிறது. ஒளியியல் பராமரிப்பு, அதாவது லென்ஸைக் கையாள்வது, ஒளியை நாசிலின் நடுவுக்குக் கொண்டுவருவது, சில்லர் பார்ப்பது ஆகியவற்றைச் சேர்த்து ஒரு தனிப் படிப்பு தொடங்க அந்த மையங்களைவிடப் பொருத்தமான இடம் இல்லை. சிறுதொழில்களுக்கு இயந்திர மதிப்பில் 25 விழுக்காடு, அதிகபட்சம் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை மூலதன மானியம் தருகிறது அரசு. அந்த மானியத்துக்கு ஒரு நிபந்தனை சேர்ப்பதில் செலவே இல்லை: கடைசித் தொகை செலுத்தப்பட்டதும் முழுக் கடவுச்சொல், அளவீடுகளின் நகல், மின்சுற்று வரைபடம், அலாரம் பட்டியல், ஐந்தாண்டு உதிரிபாக விலை ஆகியவற்றை விற்றவர் எழுத்தில் தர வேண்டும். தராதவரின் மெஷினுக்கு மானியம் இல்லை. தனி ஒரு பட்டறைக்காரர் கேட்டால் சிரிப்பார்கள். மானியத்தின் பெயரால் கேட்டால் கொடுப்பார்கள்.

இன்னொரு சிறிய காரியமும் உண்டு. லென்ஸை மாற்ற வேண்டுமானால் தூசியில்லாத இடம் வேண்டும். கிரைண்டிங் பொறி பறக்கும் பட்டறையின் நடுவில் மெஷினின் தலையைத் திறப்பது அதைக் கெடுப்பதற்குச் சமம். வடிகட்டிய காற்று சீராக வீசும் ஒரு சுத்த மேசை, நல்ல ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், நார் உதிராத பஞ்சுக் குச்சி, விவரம் தெரிந்த ஓர் ஆள். தொழிற்பேட்டைக்கு ஒன்று போதும். குறுந்தொழில் குழுமங்களுக்கான பொது வசதி மையங்களில் கோடிக்கணக்கில் மெஷின் வாங்கிப் போடுகிறோம். அதே கட்டடத்தின் ஓர் அறையில் இதற்கு இடம் ஒதுக்கலாம். கோவையின் கொடிசியா போன்ற தொழில் சங்கங்கள் அடுத்த திட்ட அறிக்கையிலேயே இதைக் கேட்கலாம்.