ஏட்டுக் காந்தாரம்

மதிப்பிற்குரிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அவர்களுக்கு,

பெயர் போடாமல் பதவியை மட்டும் விளித்து எழுதுவதைத் தவறாக நினைக்க வேண்டாம். துணைவேந்தர்கள் மாறுவார்கள், கோப்பு மாறாது. இந்தக் கடிதத்தை யாராவது ஒரு கோப்பில் செருகி வைத்தால் 2029-க்குள் அது எவர் மேசைக்காவது வந்து சேரும் என்பது என் கணக்கு.

2029 என்று ஆண்டைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரியைத் தொடங்கியது 1929-இல். பல்கலைக்கழகம் பிறந்ததும் அதே ஆண்டுதான். ஆக, இரண்டுக்கும் சேர்த்தே நூற்றாண்டு விழா வரும். பந்தல் போடுவார்கள், மலர் அச்சடிப்பார்கள், வாசலில் ஒரு வளைவு எழும்பும். அந்த விழாவில் இசைத்துறையின் வேலை மேடைக்கு வலப்பக்கம் நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடிவிட்டு இறங்கிப் போவதோடு முடிந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இப்போதே எழுதுகிறேன்.

எனக்கு வீணை சொல்லிக்கொடுத்த டீச்சர் உங்கள் இசைக் கல்லூரியில் படித்துச் 'சங்கீத பூஷணம்' பட்டம் வாங்கியவர். தண்டபாணி தேசிகர் துறைத்தலைவராக இருந்த காலம். ஆமாம், 'நந்தனார்' படத்தில் நடித்த தேசிகரேதான். 1952 முதல் 1967 வரை பதினைந்து ஆண்டுகள் அங்கே இருந்தார். டீச்சர் வீட்டுக் கூடத்தில், வீணை உறைக்குப் பக்கத்தில், பழுப்புத்தாள் அட்டை போட்ட ஒரு புத்தகம் எப்போதும் கிடக்கும். பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழிசைப் பாடல்கள் வரிசையில் ஒரு தொகுதி. மேலே சாகித்தியம், கீழே ஸ்வரம். புள்ளி மேலே இருந்தால் தாரஸ்தாயி, கீழே இருந்தால் மந்திரம். காற்புள்ளி ஓர் அட்சரத்துக்கு நீட்டம், அரைப்புள்ளி இரண்டுக்கு. பார்க்கப் பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகம் மாதிரியே இருக்கும்.

பதினான்கு வயதில் எனக்கு ஸ்வரம் படிக்கத் தெரிந்துவிட்டது என்ற திமிர் வந்தது. டீச்சர் அடுக்களையில் இருந்த நேரம் பார்த்து, அந்தப் புத்தகத்திலிருந்து தோடியில் ஒரு கீர்த்தனையின் பல்லவியை நானே வாசித்துப் பார்த்தேன். எழுத்து எழுத்தாக, தாளம் பிசகாமல் வாசித்தேன். ஒரு பிழை இல்லை. ஆனால் அது தோடியும் இல்லை. டீச்சர் ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் நின்றார். "புஸ்தகத்துல இருக்கிறது விலாசம்டி. விலாசத்தைப் படிச்சா ஆளைப் பார்த்த மாதிரி ஆயிடுமா?" என்றார். பிறகு உட்கார்ந்து அந்தக் காந்தாரத்தை வாசித்துக் காட்டினார். அச்சில் 'க' என்று ஒற்றை எழுத்து. அவர் விரலுக்கு அடியில் அது ரி-யைத் தொட்டு, ம-வை எட்டிப் பார்த்து, இரண்டுக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருந்தது; ஓரிடத்திலும் நிற்கவில்லை. தோடியில் காந்தாரம் நின்றால் ராகம் போய்விடும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

டீச்சர் இப்போது இல்லை. புத்தகம் என்னிடம் வந்திருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறிகள். சில 'க'-வின் தலைமேல் பாம்பு மாதிரி ஒரு நெளிகோடு. சில இடங்களில் சின்ன அம்பு. ஒரு சரணத்தின் ஓரத்தில் "இங்கே இழுத்துப் பிடி, வெட்டாதே". இன்னொரு பக்கத்தில் அச்சான ஸ்வரத்தையே அடித்துவிட்டு வேறு ஒன்று. பக்கத்தில் "வகுப்பில் பாடியது இப்படி". பாதிக் குறிகள் எனக்குப் புரிகின்றன. மீதியைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

இந்தப் புத்தகங்கள் ஏன் வந்தன என்பதை உங்கள் அலுவலகத்துக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் விழா மலருக்குக் கட்டுரை எழுதப்போகிறவர்கள் மறந்துவிடக் கூடாதென்று ஒரு வார்த்தை. கச்சேரி மேடையில் தெலுங்கும் சமஸ்கிருதமுமே ஒலித்து, தமிழ் கடைசியில் துக்கடாவாக வந்துபோன காலம் அது. தமிழ்ப் பாட்டை வளர்க்க ராஜா 10,000 ரூபாய் ஒதுக்கினார். 1941 ஆகஸ்டில் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. ராஜாஜி, டி.கே.சி., கல்கி, ஆர்.கே. சண்முகம் செட்டியார் என்று ஆதரவுக்குப் பெரிய வரிசை, எதிர்ப்புக்கும் குறைவில்லை. எதிர்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: தமிழில் பாடுவதற்கு அப்படி என்ன இருக்கிறது? மேடையில் பதில் சொன்னவர்கள் பலர். பல்கலைக்கழகம் அச்சில் பதில் சொன்னது. பாடல்களைத் தேடிச் சேர்த்து, ஸ்வரப்படுத்தி, தொகுதி தொகுதியாகப் போட்டது. இருக்கிறது, இதோ பார், என்றது.

இதில் ஒரு வேடிக்கை. எதிரணியில் நின்றதாகச் சொல்லப்படும் சென்னை மியூசிக் அகாதமியின் ஆண்டு மாநாட்டுத் தலைவர்கள் பட்டியலைப் பாருங்கள். 1932-இல் டைகர் வரதாச்சாரியார், 1933-இல் தஞ்சை பொன்னையா பிள்ளை, 1934-இல் சபேசய்யர். மூன்று பேருமே உங்கள் இசைக் கல்லூரியில் பாடம் சொன்னவர்கள். மகா வைத்தியநாதய்யரின் சிஷ்யர் ஒருவர், தஞ்சை நால்வர் வம்சத்தில் வந்தவர் ஒருவர், மனோதர்மத்துக்குப் பேர்போன புலி ஒன்று. இப்படி மூன்று பாடாந்தரம், அதாவது குரு வழி வந்த மூன்று பாட்டு முறை, ஒரே தாழ்வாரத்தில் புழங்கிய இடம் தமிழ்நாட்டில் வேறு எங்கே இருந்தது? டாக்டர் எஸ். ராமநாதன் அங்கே படித்துவிட்டுத்தான் பின்னாளில் சிலப்பதிகார இசையை ஆராய அமெரிக்காவின் வெஸ்லியன் வரைக்கும் போனார். தமிழ்ப் பேராசிரியராக 1931-இல் வந்த விபுலானந்த அடிகள் இரண்டாண்டுகள்தான் இருந்தார். ஆனால் அவர் தேடல் 1947-இல் யாழ்நூலாக முடிந்தது. தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் பிடித்து வந்து படித்த ஈழத்துப் பிள்ளைகளும் உண்டு. யாழ்ப்பாணத்துக் கச்சேரி நோட்டீஸ்களில் பெயருக்கு முன்னால் 'சங்கீத பூஷணம்' என்று போட்டுக்கொள்வது அவர்களுக்கு ஒரு கம்பீரம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தொகுதிகளில் உள்ள பாடல்களைப் பாடிப் பதிவு செய்யுங்கள். ஒன்றுவிடாமல். 2029-க்குள். என் விண்ணப்பம் இவ்வளவுதான்.

கச்சேரியாக வேண்டாம். பக்கவாத்தியம், கைதட்டல், தனி ஆவர்த்தனம் எதுவும் வேண்டாம். ஒரு தம்புரா, ஒரு குரல், கையில் தாளம். ஒவ்வொரு பாட்டையும் இரண்டு முறை பாடட்டும்: முதலில் சவுக்கமாக, ஒவ்வொரு சங்கதியும் பிரிந்து கேட்கும்படி, பிறகு அதன் இயல்பான காலத்தில். வீணைக்காரர் ஒருவர் அதையே வாசித்தால் இன்னும் நல்லது. எந்தக் கம்பியை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று காதே கண்டுகொள்ளும். சத்தமில்லாத ஓர் அறை, இரண்டு மைக், பதிவை வைக்க இரண்டு இடம். 2013-இல் அரசு நிர்வாகத்தை ஏற்ற நாளிலிருந்து பல்கலைக்கழகத்தின் பணப்பாடு ஊரறிந்தது. அதனால்தான் கட்டடம் கேட்கவில்லை. விழா வளைவுக்கு ஆகும் சிமென்ட்டில் பாதி இருந்தால் என் காரியம் முடிந்துவிடும்.

பாட யார் இருக்கிறார்கள் என்பீர்கள். முதுகலை மாணவர்கள் இருக்கிறார்களே. ஆளுக்கு இருபது பாட்டு. இறுதியாண்டில் ஏற்கெனவே நான்கு பேர் எழுதிய தலைப்பில் ஐந்தாவது ஆய்வேடு எழுதுவதற்குப் பதிலாக இருபது பாட்டைக் குருமுகமாகப் பாடம் செய்து, பதிவு செய்து, எந்த இடத்தில் என்ன ஐயம் வந்தது, அதை எப்படித் தீர்த்துக்கொண்டோம் என்று பத்துப் பக்கம் எழுதட்டும். இது ஆராய்ச்சி ஆகாதா என்று எந்தக் குழுவாவது கேட்டால் யுஜிசி-யின் 2018 விதிகளை எடுத்துக் காட்டுங்கள். பேர்பெற்ற குருவிடம் பயின்ற, வானொலியின் 'ஏ' கிரேடு பெற்ற கலைஞரை உதவிப் பேராசிரியராக எடுக்க அதில் தனி வாசலே வைத்திருக்கிறார்கள். ஆசிரியரின் தகுதிக்குக் குரல் சான்றாகலாம் என்றால் மாணவரின் ஆய்வுக்கு ஆகக் கூடாதா?

யூடியூபில் எல்லாம் கிடக்கிறதே என்று உங்கள் பதிவாளர் சொல்லக்கூடும். கிடக்கிறது, நூறு பேர் பாடிய இருபது பாட்டு. முத்துத்தாண்டவரில் நாலு, மாரிமுத்தாப் பிள்ளையில் இரண்டு, அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்தில் நாட்டியத்துக்கு ஆகிவந்தவை சில. மாரிமுத்தாப் பிள்ளையின் ஊரான தில்லைவிடங்கன் உங்கள் வளாகத்திலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம். அவர் பாட்டில் மீதி எப்படி ஒலிக்கும் என்று அந்த ஊர்ப் பையன் ஒருவனுக்குக் கேட்கத் தோன்றினால், அவன் எங்கே போவான்?

இன்னொரு ஆட்சேபம் சற்றுக் கனமானது. இந்தப் பாடல்கள் பலவற்றுக்குப் பழைய மெட்டு மறைந்துபோய், பின்னால் வந்த வித்வான்கள் புதிதாக மெட்டுப் போட்டார்கள். பாடாந்தரத்துக்குப் பாடாந்தரம் வேறுபடும். பல்கலைக்கழகம் ஒன்றைப் பதிவு செய்தால் அதுவே சட்டமாகிவிடாதா? நியாயமான பயம். அதற்கு வழி, பதிவு செய்யாமல் இருப்பதல்ல. இரண்டு பாடாந்தரம் இருந்தால் இரண்டையும் பதிவு செய்வது. டீச்சரின் பென்சில் அச்சை அடித்துவிட்டு வேறொன்று எழுதியிருக்கிறதே, அதையும் பாடி வையுங்கள். எது சரி என்று பின்னால் வருகிறவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். சண்டை போடவாவது அவர்களுக்குச் சத்தம் வேண்டும்.

கமகத்தை, ஸ்வரத்தின் அந்த ஆட்டத்தை, தாளில் பிடிக்க முயன்றவர்களும் இல்லாமல் இல்லை. எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904-இல் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியை அச்சிட்டபோது ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக் குறி போட்டார். எத்தனை உழைப்பு! ஆனால் அந்தக் குறிகளைப் பார்த்ததும் பாடிவிடக்கூடியவர் அன்றும் சிலரே, இன்றும் சிலரே. பின்னால் வந்த பாட்டுப் புத்தகங்கள் பெரும்பாலும் அந்த வம்பே வேண்டாமென்று வெறும் ஸ்வரத்தோடு நின்றுவிட்டன. குரு பக்கத்தில் இருப்பார் என்ற தைரியம்தான்.

சிதம்பரத்தில் இருக்கிற உங்களுக்கு இதை நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. தேவார ஏடுகள் செல்லரித்துக் கிடந்த அறை அங்கேதான் இருந்தது. இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் கதவைத் திறந்து மிஞ்சியதை எடுத்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதற்கு அடுத்த கட்டத்தைத்தான் நாம் அதிகம் சொல்வதில்லை. ஏடு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. எழுத்தை வைத்துக்கொண்டு எப்படிப் பாடுவது என்று திகைத்து நின்றபோது, திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்குத் தெரியும் என்று அறிந்து அவளை அழைத்து வந்தார்கள். அவள் பாடித்தான் பண்கள் அடைவாகின என்கிறது திருமுறைகண்ட புராணம். விருத்தாசலம் பக்கத்து ஊர், உங்கள் கடலூர் மாவட்டம்தான். அரசன் பெயரும் நம்பி பெயரும் நமக்குத் தெரியும். அவள் பெயர் தெரியாது.

அவளைப் போன்றவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சீர்காழியிலும் மயிலாடுதுறையிலும் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும், எண்பது வயதைத் தாண்டி, பேரக்குழந்தைகளுக்குச் சரளி வரிசை சொல்லிக்கொண்டு. பழைய மாணவர் பதிவேடு உங்களிடம் இருக்கும். அதை எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஓர் அஞ்சலட்டை போடுங்கள்: உங்கள் பிரதியில் குறி போட்டிருக்கிறீர்களா, ஒருநாள் வந்து பாடிக் காட்ட முடியுமா, வர முடியாவிட்டால் நாங்கள் மைக்கோடு வரலாமா? மாணவர்கள் வரமுடியாதவர்களின் வீட்டுக்குப் போகட்டும். போகும்போது சுருதிப்பெட்டியோடு கொஞ்சம் பழமும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். நூற்றாண்டுக் கொண்டாட்டத்தை இந்த அட்டையிலிருந்தே தொடங்கலாம். வளைவு பிறகு எழும்பட்டும்.

டீச்சருக்கு அந்த அட்டை போய்ச் சேராது. அவர் புத்தகத்தை நானே கொண்டுவந்து தருகிறேன். ரசீது வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை. பின்பகுதியில் ஒரு கீர்த்தனை. அதன் அனுபல்லவியில் மூன்றாவது ஆவர்த்தத்து 'க'-வின் மேல் நெளிகோடும் அம்பும் சேர்ந்தாற்போல ஒரு குறி. நாற்பது ஆண்டுகளாகப் பார்க்கிறேன், எனக்குப் பிடிபடவில்லை. உங்கள் துறையில் அதைப் படிக்கக் கூடியவர் ஒருவர் இருந்தால், நான் வரும் நாளில் அவரை மட்டும் இருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வீணை மாணவி