சுருள் போனால் அடுப்பே போயிற்றா?

ஒரு கம்பி அறுந்ததற்காக மின்சார அடுப்பையே தூக்கி எறியச் சொல்வது எந்த ஊர் நியாயம், ஐயா? அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சிக்கு அதைச் சுமந்து போகிறவருக்கும் "புதுசா வாங்கிடுங்க சார்" என்ற உபதேசந்தான் கிடைக்கிறது.

உள்ளே இருப்பது தேவரகசியமா? நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பிச் சுருள். ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906-ல் காப்புரிமை பெற்ற சரக்கு. அதை உலோகக் குழாய்க்குள் வைத்து, மின்சாரம் குழாயில் பாயாதபடி மக்னீசியம் ஆக்ஸைடுத் தூளை இறுக்கி அடைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான்! பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, முனைகளைக் கழற்றி மீட்டரை வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். 230 வோல்ட்டில் 1200 வாட் இழுக்கும் சுருள் ஏறக்குறைய 44 ஓம் காட்டவேண்டும். அறுந்திருந்தால் அதே அளவு, அதே வாட், அதே வோல்ட்டில் வேறொன்று. (மலிவாகக் கிடைத்ததென்று 110 வோல்ட் சுருளை மாட்டுகிற மேதாவிகளும் உண்டு, நாலு மடங்குக்கு மேல் சூடேறிப் பொசுங்கும்.)

"ஆபத்து, கைவைக்காதே" என்கிறார்கள். ஆபத்துதான். எர்த் கம்பியை மறுபடி சரியாக மாட்டத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் இல்லாத பேட்டை எது?

பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 ஜூலையில் குழு அமைத்தது. டிசம்பரில் இணையதளமும் திறந்தது. நல்ல காரியம். ஆனால் கடையில் சுருள் இருக்கவேண்டுமே! மாடலுக்கொரு நீளம், மாடலுக்கொரு வளைவு என்று செய்துவிட்டு, உதிரி கிடையாதென்று கைவிரிக்கிறார்கள். உற்பத்தியாளர்களே, அடுப்பின் முதுகில் உங்கள் பெயரை அத்தனை பெரிதாகப் பொறிக்கிறீர்களே, பக்கத்தில் சுருளின் அளவையும் பொறித்தால் என்ன குறைந்துவிடும்?