உன்னைப் போல் இருக்கும் பொம்மை எது?

நான்கு பொம்மைகள். அச்சு ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். இரண்டுக்கு வெள்ளைத் தோல், மஞ்சள் முடி. இரண்டுக்குப் பழுப்புத் தோல், கருப்பு முடி. அமெரிக்காவின் கருப்பின அறிஞர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர், 1940 வாக்கில், மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 253 கருப்பினக் குழந்தைகள் முன் இவற்றை வைத்தனர். எதனோடு விளையாடுவாய் என்று கேட்டனர். மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை எடுத்தன. எது கெட்ட பொம்மை என்றதும், பாதிக்கு மேற்பட்ட பிஞ்சு விரல்கள் பழுப்புப் பொம்மையைச் சுட்டின. பிறகு, உன்னைப் போல் இருக்கும் பொம்மை எது என்று கேட்டனர். சில குழந்தைகள் அழுதுகொண்டே அறையைவிட்டு ஓடின!

அந்தக் குழந்தைகளை அன்று யாரும் அடிக்கவில்லை, ஏசவுமில்லை. தெருவும் பள்ளியும் படப் புத்தகமும் சொல்லாமல் சொல்லிவைத்த பாடத்தைத்தான் அவை ஒப்பித்தன. 1954 மே 17 அன்று நிறம் பார்த்துப் பிரிக்கும் பள்ளிகள் செல்லா என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கிளார்க்கின் எழுத்தையும் அடிக்குறிப்பில் சுட்டியது. பிரித்து வைப்பது பிள்ளையின் உள்ளத்தில் ஆறாத தாழ்வுணர்ச்சியை உண்டாக்கும் என்று நீதிபதிகளே ஒப்புக்கொண்டார்கள்.

கனடாவுக்கு வருவோம். அந்நாட்டுப் பழங்குடிப் பிள்ளைகளை அரசும் பாதிரிமாரும் விடுதிப் பள்ளிகளில் அடைத்தார்கள். தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். அந்தச் சமூகங்களில் இளைஞர் தற்கொலை பெருகியது. ஆனால் எல்லா ஊரிலும் அல்ல. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பழங்குடிச் சமூகங்களைச் சாண்ட்லர், லலோண்ட் என்னும் ஆய்வாளர்கள் ஊர் ஊராகக் கணக்கெடுத்து 1998 இல் வெளியிட்டனர். பாதிக்கு மேற்பட்ட ஊர்களில், ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஐந்தாண்டுகளில், ஓர் இளைஞன்கூடத் தற்கொலை செய்துகொள்ளவில்லை. நிலத்துக்கு வழக்காடியவர்கள், பள்ளியையும் மருத்துவத்தையும் தம் கையில் வைத்திருந்தவர்கள், தம் பண்பாட்டுக்கென ஒரு கட்டடம் எழுப்பியவர்கள் வாழும் ஊர்களில் சாவு குறைந்தது. பெரும்பாலோர் தாய்மொழி பேசும் ஊர்களிலும் அப்படியே என்று 2007 இல் எழுதினர்.

உழைக்கும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெருமையைப் பேசிப் பேசி ஊட்டிவிட முடியாது. தன் பெரியவர்கள் எதையாவது தாமே நடத்துவதைப் பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும். சங்கக் கட்டடத்தில் அப்பன் எழுந்து கணக்குக் கேட்பதைப் பார்த்த பிள்ளைக்கு நிமிர்ந்து நிற்க வேறு பாடம் எதற்கு?

நம் வீட்டுக்கு வருவோமா? மேடையிலே தமிழ், தமிழ் என்று தொண்டை வறள முழங்குகிறோம். வீட்டிலே பிள்ளை நான்கு வார்த்தை இங்கிலீஷ் பேசினால்தான் விருந்தாளி முன் நிறுத்துகிறோம். பிறந்த பெண் கருப்பாக இருந்தால் முகம் சுளிப்பது யார்? அமெரிக்க வெள்ளையனா? நம் வீட்டுப் பாட்டிதானே, அத்தைதானே! ஆலைக்குப் போகும் அப்பனின் தொழிலைப் பள்ளியில் சொல்லப் பிள்ளை கூசுகிறானே, அந்தக் கூச்சத்தை அவனுக்கு யார் கொடுத்தது?

கசப்பான இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பெருமை என்ற பெயரில் சிலர் பிள்ளையின் மணிக்கட்டில் சாதிக் கயிறு கட்டி அனுப்புகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நன்றாகப் படித்த ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவனையும், தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் கூடப் படித்த மாணவர்களே! அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கயிறும் பொட்டும் பள்ளியில் கூடாது என்றது. அந்தக் கயிறு பண்பாடு அல்ல. கீழே ஒருவன் கிடந்தால்தான் தலை நிமிரும் என்பது பெருமையும் அல்ல. அது வெள்ளைப் பொம்மையை எடுக்கும் அதே நோய்தான். வெட்டுப்பட்டவன் மனம் புண்ணாகிறது. வெட்டியவன் மனமும் நலமாக இல்லை.

வட்டக் கழகங்களும் படிப்பகங்களும் வாரத்தில் ஒரு மாலையைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கட்டும். எல்லாத் தெருப் பிள்ளையும் ஒரே பாயில் உட்காரட்டும். தறி ஓட்டுபவர், செருப்புத் தைப்பவர், கப்பலில் சுமை இறக்குபவர் வந்து தம் தொழிலைத் தம் வாயால் சொல்லட்டும். முதல் மாலைக்குப் பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்து வரும் தோழர், புறப்படுமுன் அந்தக் கையில் கயிறு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரட்டும்.