விருந்தினர் கரையும் வீட்டார் மொழியும்

உழைத்துக் களைத்தவன் ஓய்வை நாடுவதைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆண்டில் பல திங்கள் பனியும் உறைகுளிரும் வாட்டும் நாட்டில் வாழ்பவன், வெயிலும் மணலும் உள்ளதொரு கடற்கரையில் பத்து நாள் கிடந்து வர விரும்புவது மாந்த இயல்பே. வட அமெரிக்காவில் மார்கழி பிறந்தவுடன் இவ்விழைவு ஒரு பெரும் பெயர்ச்சியாகவே மாறிவிடுகிறது. கம்பளி உடையோடு வானூர்தி ஏறுவோர் சில மணி நேரத்தில் மெல்லாடையோடு இறங்குகின்றனர். அவ்வாறு இறங்கும் கரைகளுள் உலகப் புகழ் பெற்றது வைக்கீக்கி. அமைதிப் பெருங்கடலின் நடுவே, அவாயித் தீவுக்கூட்டத்தின் ஓவாகுத் தீவில், ஒனலூலு நகரின் ஒரு பகுதியாக அஃது அமைந்துள்ளது. சனவரித் திங்களிலும் அங்கே பகல் வெப்பம் 27 பாகை அளவில் நிற்கும். அலாசுக்காக் கடலின் குளிரை விட்டுப் பெருந்திமிங்கிலங்களும் அப்பருவத்தில் அத்தீவுகளை நாடி வந்து கன்றீனுகின்றன. திமிங்கிலம் தேடி வரும் கடலை மாந்தனும் தேடி வருவதில் வியப்பென்ன?

ஆனால், திமிங்கிலம் வந்து போனபின் கடல் கடலாகவே இருக்கிறது. மாந்தன் வந்து போகும் கரை அவ்வாறு இருப்பதில்லை.

வைக்கீக்கிக்கு வரும் விருந்தினனின் கழுத்தில் பூமாலை விழுகிறது. 'அலோகா' என்னும் சொல் காதில் விழுகிறது. அவன் தங்கும் விடுதிக்கு அவாயிப் பெயர். அவன் நடக்கும் பெருந்தெருவிற்கு அவாயி அரசர் காலாக்காவாவின் பெயர். மாலையில் அவன் காணும் ஆட்டத்திற்கு 'ஊலா' என்று அவாயிப் பெயர். இவற்றையெல்லாம் கண்டு, 'இந்நாட்டார் தம் மொழியை எவ்வளவு போற்றுகின்றனர்!' என்று அவன் எண்ணிக்கொள்வான். அவன் எண்ணம் பிழையானது. அம்மொழி அக்கரையில் ஒப்பனையாக ஒளிவிட்ட காலத்திலேயே, தன் மக்களின் வாயிலிருந்து துடைக்கப்பட்டுக் கொண்டிருந்தது. அந்த வரலாற்றை அறியாமல் அக்கரையின் அழகை முழுமையாக அறிந்ததாகச் சொல்ல இயலாது.

வைக்கீக்கி என்னும் பெயரையே முதலில் எடுத்துக்கொள்க. அவாயி மொழியில் 'வை' என்பது நன்னீர். வைக்கீக்கி என்றால் பீறிட்டெழும் நன்னீர். 'வைவை' என்று அடுக்கிச் சொன்னால் செல்வம் என்று பொருள். நீரையே செல்வமாகக் கண்ட மக்கள் அவர்கள். மலைப்பள்ளத்தாக்குகளிலிருந்து இறங்கிய ஓடைகள் இப்பகுதியைச் செழிப்பான ஈரநிலமாக வைத்திருந்தன. அங்கே சேம்பு வயல்களும் மீன்குளங்களும் நிறைந்திருந்தன. சேம்பே அவர்களின் முதன்மை உணவு; அதனைக் 'காலோ' என்பர். மாந்த இனத்தின் மூத்த உடன்பிறப்பு சேம்பே என்பது அவர்களின் தொன்மரபு. குடும்பத்தைக் குறிக்கும் 'ஓகானா' என்னும் சொல், சேம்பின் பக்கக்கன்றைக் குறிக்கும் 'ஓகா' என்னும் சொல்லடியாகப் பிறந்தது. தாய்க்கிழங்கைச் சுற்றிக் கன்றுகள் வெடித்து நிற்பது போலக் குடும்பம் என்று கண்ட உள்ளம் எத்துணைப் பண்பட்ட உள்ளம்!

அவாயியர் எழுத்தறியாத மக்களாகக் கிடந்தனர் என்றும், ஆங்கிலம் வந்துதான் அவர்களின் கண்ணைத் திறந்தது என்றும் சிலர் சொல்லக்கூடும். நடந்தது வேறு. 1820-இல் வந்த கிறித்தவ மதப்பரப்புநர் அம்மொழிக்கு எழுத்தமைத்து 1822-இல் அச்சுப்பணியைத் தொடங்கினர். அதன்பின் சில பத்தாண்டுகளிலேயே அம்மக்களுள் மிகப் பெரும்பாலோர் தம் மொழியில் படிக்கக் கற்றுவிட்டனர். 1834-இல் தொடங்கி, நூறளவிலான இதழ்கள் அம்மொழியில் வெளிவந்தன. மூன்றாம் காமேகமேகா அரசர் 1840-இல் அளித்த அரசமைப்பு அவாயி மொழியில் எழுதப்பட்டது. அரசும் பள்ளியும் முறைமன்றமும் இதழும் தாய்மொழியில் நடந்த நாடு அது. ஆகவே, 'வளராத மொழி' என்னும் வழக்கமான பழி அதற்குப் பொருந்தாது.

பின் அதனை வீழ்த்தியது எது? கரும்புத் தோட்ட முதலாளிகளும் வணிகரும் கூடி, அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து இறங்கிய படைஞரின் நிழலில், 1893 சனவரி 17-இல் இலிலியுவோகலானி அரசியை ஆட்சியிலிருந்து அகற்றினர். மூன்றே ஆண்டுகளில், 1896-இல், புதிய ஆட்சியினர் ஒரு சட்டம் செய்தனர். அரசுப் பள்ளியாயினும் தனியார் பள்ளியாயினும் ஆங்கிலமே பயிற்றுமொழியாக இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டம். பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் ஒறுக்கப்பட்டதை முதியோர் பலர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர். 1897-இல் 21,000-க்கும் மேற்பட்டோர், அமெரிக்காவோடு தம் நாட்டை இணைக்கலாகாது என்று கையொப்பமிட்டு விண்ணப்பித்தனர். எனினும் 1898-இல் இணைப்பு நடந்தேறியது.

அடுத்து நடந்ததைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். 1901 மார்ச்சுத் திங்களில் வைக்கீக்கிக் கரையில் முதற்பெரும் விடுதி திறக்கப்பட்டது. அதற்கு இட்ட பெயர் 'மோவானா'. அகன்ற பெருங்கடல் என்பது அந்த அவாயிச் சொல்லின் பொருள். பள்ளிச் சிறுவனின் வாயில் இருக்கலாகாது என்று தள்ளப்பட்ட மொழியின் சொல், ஐந்தே ஆண்டில் செல்வரின் விடுதி வாயிலில் பெயராக ஏறியது! சிறுவன் சொன்னால் குற்றம். விடுதி சொன்னால் அழகு. தாய்மொழியைப் பேச்சிலிருந்து பிரித்துப் பெயர்ப்பலகையில் தொங்கவிடும் வேலை அன்றே தொடங்கிவிட்டது.

'மொழி சோறு போடுமா?' என்று கேட்பவர் எல்லா நாட்டிலும் உளர். அவாயியிலும் இருந்தனர். சட்டம் பள்ளியை மட்டுந்தான் கட்டிற்று, வீட்டுக்குள் நுழையவில்லை. ஆயினும், ஆங்கிலம் பேசினால்தான் பிழைப்பு என்று நம்பிய பெற்றோர் பலர், தம் பிள்ளைகளோடு தம் மொழியில் பேசுவதைத் தாமே நிறுத்திக்கொண்டனர். அவர்களை எள்ளி நகையாடுதல் முறையன்று. நிலமும் ஆட்சியும் இழந்தவர்களின் அச்சம் அது. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை வைக்கீக்கிக் கரையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. விருந்தினரை ஈர்க்க விடுதிகள் எதனை விற்றன? வெயிலையும் மணலையும் மட்டுமா? வெயிலும் மணலும் பிற கரைகளிலும் உண்டு. அலோகா என்னும் சொல்லையும், ஊலா ஆட்டத்தையும், மாலை சூட்டும் மரபையும், அம்மக்களின் இன்முகத்தையுமே சேர்த்து விற்றன. சோறு போடாது என்று பள்ளியிலிருந்து துரத்தப்பட்ட மொழிதான், நூறாண்டுக்கு மேலாக விடுதி முதலாளிகளுக்குச் சோறு போட்டு வருகிறது. மொழி சோறு போடும். யாருக்குப் போடுகிறது என்பதே கேள்வி.

நிலத்திற்கும் அதே கதிதான். 1921 முதல் 1928 வரை 'ஆலா வை' என்னும் கால்வாய் வெட்டப்பட்டு, ஓடைகளின் நீர் அதில் திருப்பப்பட்டது. ஈரநிலங்கள் தூர்க்கப்பட்டு மனைகளாயின. சேம்பு வயலும் மீன்குளமும் மறைந்தன. பீறிட்டெழும் நன்னீர் என்று பெயர் கொண்ட ஊரில் அந்நன்னீர் கண்ணில் படாமற் போயிற்று. கரையை ஒட்டி நிற்கும் குன்றின் பெயரும் மாறிற்று. அதன் வடிவைக் கண்டு சூரைமீனின் நெற்றி என்னும் பொருளில் 'இலேயாகி' என்று அம்மக்கள் பெயரிட்டிருந்தனர். அங்கே மின்னிய கற்களை வைரம் என்று மயங்கிய வெள்ளை மாலுமிகளால் அதற்கு 'வைரமுனை' என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயர் வந்தது. மின்னியவை வைரம் அல்ல என்பது தெரிந்த பின்னரும் அந்தப் பொய்ப்பெயரே நிலைத்தது. மெய்ப்பெயர் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

ஊலா ஆட்டம் அவாயியரின் வாய்மொழி வரலாற்றைத் தாங்கி நிற்பது. அதில் பாட்டின் சொல்லே உயிர். கையசைவு அச்சொல்லின் பொருளைக் காட்டுவது. மதப்பரப்புநர் காலத்தில் ஒடுக்கப்பட்டிருந்த அவ்வாட்டத்தைக் காலாக்காவா அரசர் 1883-இல் தம் முடிசூட்டு விழாவில் மீண்டும் அரங்கேற்றினார். ஆனால் 1937-இல் ஒளிப்படச்சுருள் விற்ற அமெரிக்கக் குழுமம் ஒன்று, விருந்தினர் நல்ல வெளிச்சத்தில் படம் எடுப்பதற்காகப் பகல்வேளை ஊலாக் காட்சியை வைக்கீக்கியில் தொடங்கிற்று. 2002 வரை அது நடந்தது. சொல்லுக்காகப் பிறந்த ஆட்டம் படத்திற்காக ஆடப்பட்டது. பார்த்தவர்களுக்கு அசைவு தெரிந்தது, பொருள் தெரியவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். விருந்தினர் வருகையால் பல்லாயிரவர் வேலை பெறுகின்றனர். அதனை நிறுத்தினால் அத்தீவார் எவ்வாறு வாழ்வர் என்பது அது. இக்கேள்வி புறந்தள்ளத் தக்கதன்று. 1959-இல் அவாயி அமெரிக்காவின் மாநிலமானபோது, ஆண்டுக்கு வந்த விருந்தினர் இரண்டரை இலக்கத்திற்கும் குறைவு; 2019-இல் அத்தொகை ஒரு கோடியைத் தாண்டியது. அங்கே வாழும் மக்களோ ஏறத்தாழப் பதினான்கு இலக்கம்பேர். இத்துணைப் பெருந்தொழில் நடந்தும், தொல்குடி அவாயியருள் பாதிக்கும் மேற்பட்டோர் தம் தீவுகளுக்கு வெளியே வாழ்கின்றனர் என்று 2020-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு காட்டிற்று. வீட்டு விலையும் வாழ்க்கைச் செலவும் எட்டாத உயரத்திற்குப் போனது அதன் முதன்மைக் கரணியம். விருந்தினருக்கு இடமிருக்கும் ஊரில் வீட்டாருக்கு இடமில்லாமற் போவது எந்த வகை விருந்தோம்பல்? விருந்து வருவதில் தவறில்லை. வீட்டுக்காரன் திண்ணைக்கும் புறம்பாவதே தவறு.

எனினும் இது வெறும் புலம்பலாக முடியவேண்டிய வரலாறு அன்று. அவாயியர் விழித்துக்கொண்டனர். 1978-இல் மாநில அரசமைப்பில் ஆங்கிலத்தோடு அவாயி மொழியும் ஆட்சிமொழியாக ஏற்கப்பட்டது. ஆனால் ஏட்டில் எழுதிய உரிமை நாவில் மொழியை வைத்துவிடாது என்பதை ஆசிரியர் சிலர் உணர்ந்தனர். அக்காலத்தில் அம்மொழி பேசத்தெரிந்த, பதினெட்டு அகவைக்குட்பட்டோர் ஐம்பதின்மருக்கும் குறைவு என்று அவர்கள் கணித்தனர். நியூசிலாந்து மாவோரியர் 1982-இல் தொடங்கிய மழலையர் பள்ளிகளைக் கண்டு, 1983-இல் 'பூனானா இலேயோ' என்னும் அமைப்பை நிறுவினர். குரற்கூடு என்பது அதன் பொருள். 1984-இல் காவாய்த் தீவின் கெக்காகா என்னும் ஊரில் முதற் பள்ளி திறக்கப்பட்டது. கூட்டில் குஞ்சின் வாயில் தாய் இரையூட்டுவது போல, மழலையின் காதில் மொழியை ஊட்டுவதே அங்கே பாடம். பள்ளிகளில் தாய்மொழிவழிக் கற்பித்தலுக்கு இருந்த சட்டத்தடை 1986-இல் நீங்கிற்று. 1987-இல் அரசுப் பள்ளிகளிலும் அவாயிவழி வகுப்புகள் தோன்றின. முழுமையும் தாய்மொழிவழி பயின்ற முதல் மாணவர் 1999-இல் உயர்பள்ளிக் கல்வியை முடித்தனர். இன்று இலோ நகரப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வரை அம்மொழிக்கு வழி உண்டு. 1893-இல் நடந்த முறைகேட்டிற்கு அமெரிக்கப் பேராயமே 1993-இல் மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. இழந்த ஆட்சி அதனால் திரும்பவில்லை; ஆனால் மழலையரின் நாவில் மொழி திரும்பத் தொடங்கிவிட்டது.

இதிலிருந்து பெறத்தக்க பாடம் தெளிவானது. அவர்கள் விருந்தினரைக் கல்லெறிந்து விரட்டவில்லை. விடுதிப் பெயர்ப்பலகைகளையும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. வீட்டிலும் வகுப்பறையிலும் பிள்ளையின் வாயில் சொல்லை வைத்தனர். பெயர்ப்பலகையில் மட்டும் வாழும் மொழி விற்பனைப் பொருள்; பிள்ளையின் வாயில் வாழும் மொழியே உயிர்ப்பொருள்.

விருந்தினனுக்கும் கடமை உண்டு. அமெரிக்காவில் பணியாற்றும் தமிழ்க் குடும்பத்தினரும் பனிக்கால விடுமுறையில் அத்தீவுகளுக்குச் செல்கின்றனர். செல்லட்டும்; வெயிலில் நடக்கட்டும்; அலையில் ஆடட்டும். ஆனால் குன்றை அதன் மெய்ப்பெயரால் இலேயாகி என்று அழைக்கட்டும். வைக்கீக்கியில் நின்று, 'இவ்வூர்ப் பெயரின் பொருள் பீறிடும் நன்னீர்' என்று தம் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். அதனைத் தமிழிலேயே சொல்லட்டும். அலோகா என்பது வரவேற்புச் சொல் மட்டுமன்று. அன்பு, பரிவு, பற்று என்னும் பொருளெல்லாம் கொண்டது. அன்பிற்கு மறுமொழி அறியாமையாக இருத்தல் கூடாது. விருந்தாகச் சென்றவன் வீட்டாரின் பெயரைக்கூடக் கேளாமல் உண்டு திரும்புவது பண்பாகாது.

கரையின் வெயிலை வருவோர் அனைவர்க்கும் பகிரலாம். அதனால் வெயில் குறைவதில்லை. வீட்டின் மொழியை விற்றுவிட்டால், பின்னர் வருவோரை வரவேற்க அங்கே வீட்டார் என்று எவரும் இருக்கமாட்டார், வேலையாள்களே இருப்பர்.